கடைவாய்ப் பல்

ஆட்சியைப் பிடித்து மூன்றாம் நாள்
என் கிளினிக் வாசலில் ஜீப் வந்து நின்றது.
வானொலியில் அதுவரை ராணுவ பாண்டு தவிர
வேறெதுவும் கேட்கவில்லை.
ஜெனரல் அவுரேலியோ சாந்திபானியெஸ்,
முந்தின நாள் மாலைதான் குடியரசுத் தலைவரானவர்,
வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

கீழ்த்தாடை, வலப்பக்கம், நாற்பத்தாறாம் எண்.
அரண்மனை வாசலில் டாங்கி ஏறிய இரவு முழுக்க
இதுதான் குடைந்ததாம்.
ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.
மெய்க்காவலன் துப்பாக்கியோடு நின்றான்.
"வாயைத் திறங்கள்" என்றேன்.
எங்கள் நாட்டில் அவருக்கு உத்தரவு போட்ட
கடைசி ஆள் நானாக இருக்கலாம்.

பதினோரு வருஷம். வருஷத்துக்கு இரண்டு தடவை.
மரத்துப்போன உதட்டோடு பேசுவார்.
மலையில் உருளைக்கிழங்கு விற்ற அவர் அம்மாவுக்கு
முப்பது வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை;
அந்தப் பக்கம் பல் வைத்தியரே கிடையாது.
நாற்பது மாவட்டங்களுக்கு
நாற்காலி, விளக்கு, குழாய் எல்லாம் அனுப்பினார்.
இருபத்தேழு இன்னும் ஓடுகின்றன.
உப்புவெளிக்குப் போகும் சாலையும் அவர் போட்டதுதான்.
இதைச் சொன்னால் என் மகள் எழுந்து போய்விடுவாள்.
சொல்லாவிட்டால் என் கணவர்.

நான்காம் குளிர்காலத்தில்
வெள்ளீயச் சுரங்கத்திலிருந்து நிக்கனோர் யூஹ்ரா வந்தான்.
கீழ்த்தாடை, இடப்பக்கம், முப்பத்தாறு.
கோக்கா இலை அதக்கி அதக்கிப் பச்சையேறிய ஈறு.
அடைத்துவிட்டேன். பாதிப் பணம் கொடுத்தான்,
பனியில் உலர்த்திய கிழங்கு ஒரு பை கொடுத்தான்,
"மீதி அடுத்த சனிக்கிழமை, டாக்டரம்மா."

செவ்வாய்க்கிழமை அதே நாற்காலியில் ஜெனரல்.
வாய் கொப்பளித்தபடி சொன்னார்:
"சுரங்கத்தில் கொஞ்சம் சத்தம்.
இந்த வாரத்துக்குள் அடங்கிவிடும்."
எனக்குக் கேட்டது.
"துப்புங்கள்" என்றேன்.

சனிக்கிழமை வந்தது.
அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமை.

பத்தொன்பது வருஷம் கழித்து
உப்புவெளி ஓரத்தில் ஒரு குழி தோண்டினார்கள்.
தாடைகளைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி
என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள்.
உப்பு எதையும் கெடவிடாது.
ஏழாம் பெட்டியில் என் அடைப்பு,
கறுத்து, இம்மியும் அசையாமல்.
அவனுடைய அட்டையை அலமாரியில் தேடினேன்.
ச, ய என்று நான் ஒழுங்காக அடுக்கியதில்லை;
ஜெனரலின் அட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெனரல் அயல்நாட்டில், கட்டிலில், தூக்கத்தில் போனார்.
போன வருஷம் எலும்புகள் விமானத்தில் வந்தன.
கூட்டம் இரண்டாகப் பிளந்தது:
மண்டபம் கட்டு என்று ஒரு பாதி,
பெட்டியில் இருப்பது அவரே இல்லை என்று மறு பாதி.
நீதிபதி ஆள் அனுப்பினார்.

தங்கத் தொப்பி போட்ட நாற்பத்தாறு.
அடியில் என் கையெழுத்துப் போல ஒரு சின்ன வளைவு.
நல்ல வேலை. என் வாழ்நாளின் நல்ல வேலைகளில் ஒன்று.

எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார்.
இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால்
மண்டபம் இல்லை, வெண்கலக் குதிரை இல்லை,
பெயரில்லாத பெட்டியாக ஏதோ கிடங்கில் கிடப்பார்.
பெயரில்லாமல் கிடப்பது எப்படியென்று
அவருக்கும் கொஞ்சம் தெரியட்டுமே.
நாக்கு நுனிவரை வந்தது.

ஏழாம் பெட்டிக்கு ஆம் சொன்ன அதே வாய்.
இங்கே பொய் சொன்னால்
அந்த ஆமும் ஆடிப்போகும்.

"அவர்தான்" என்றேன்.
வெளியே ஒரு பாதி கைதட்டியது.
யாரோ என் கோட்டின்மேல் துப்பினார்கள்.

ஊர் திரும்பக் கடைசி பஸ்.
முன்பெல்லாம் பதினோரு மணி நேரம், இப்போது நான்கு.
உப்புவெளி ஓரமாகத்தான் போகிறது,
குழி இருந்த இடத்தில் ஓட்டுநர் வேகம் குறைப்பதில்லை.
சாலை அவ்வளவு வழுவழுப்பு.
பல்லோடு பல் தட்டவில்லை.
நானாகத்தான்
கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.